‘தி ஸ்டேர்கேஸ்’ தொடரை வைத்து மைக்கேல் பீட்டர்சனுக்குத் தீர்ப்பு சொல்ல முடியுமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தப் பெயரில் இரண்டு தொடர்கள் உண்டு. காலின் ஃபிர்த் நடித்து 2022-ல் எச்பிஓ மேக்ஸில் வந்தது நடிகர்களை வைத்து எடுத்த நாடகம். நெட்ஃபிளிக்ஸில் இருக்கும் 13 பகுதிகள், பிரெஞ்சு இயக்குநர் ழான் சேவியர் த லெஸ்ட்ராட் உண்மையான ஆட்களோடு எடுத்த ஆவணத்தொடர். வழக்கைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். நாடகத்தில் படிக்கட்டு மரணம் ஒன்றுக்கு மேற்பட்ட விதங்களில் நடித்துக் காட்டப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டால் பிறகு எது சாட்சியம், எது கற்பனை என்று பிரிப்பது கஷ்டம்.

வழக்கு இதுதான். 2001 டிசம்பர் 9, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், டர்ஹம் நகரம். அதிகாலை 2:40-க்கு நாவலாசிரியர் மைக்கேல் பீட்டர்சன் அவசர எண்ணுக்கு அழைத்து, மனைவி கேத்லீன் படிக்கட்டில் விழுந்துவிட்டார், இன்னும் மூச்சு இருக்கிறது என்கிறார். சில நிமிடங்களில் மறுபடி அழைக்கிறார், மூச்சு இல்லை. தான் நீச்சல் குளத்தருகே உட்கார்ந்திருந்ததாகவும், மது அருந்தியிருந்த கேத்லீன் தனியாக உள்ளே போனதாகவும் சொன்னார். 2003 அக்டோபர் 10 அன்று ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. பரோல் இல்லாத ஆயுள் தண்டனை.

தொடரின் பலம் முழுவதும் 2004-ல் வந்த முதல் 8 பகுதிகளில் இருக்கிறது. பீட்டர்சனின் வழக்கறிஞர் டேவிட் ருடால்ஃப் தன் அறைக்குள் கேமராவை அனுமதித்திருக்கிறார். ஒரு கொலை வழக்கில் எதிர்வாதம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டியவை அபூர்வம். எந்த நிபுணரைக் கூண்டில் ஏற்றுவது, எந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். தடயவியல் நிபுணர் ஹென்றி லீ வாயில் கெட்சப்பை வைத்து வெள்ளை அட்டையில் இருமிக் காட்டுவார். படிக்கட்டுச் சுவரில் இருந்த ரத்தத்துளிகள் அடியால்தான் தெறித்தன என்பதில்லை, வாயில் ரத்தத்தோடு இருமினாலும் அப்படி விழும் என்பது வாதம். இருமல் துளிகளை விளக்கும். அவ்வளவு ரத்தத்தை விளக்காது. இதைத் தொடர் பிரித்துச் சொல்வதில்லை. நீங்கள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆயுத விஷயத்தில் 7-ஆம் பகுதியைத் தவறவிடாதீர்கள். கணப்பு அடுப்பில் நெருப்பை ஊதிவிடப் பயன்படும் உள்ளீடற்ற உலோகக் குழல் ஒன்று வீட்டில் இருந்தது, அது காணாமல் போய்விட்டது, அதுதான் ஆயுதம் என்பது அரசுத் தரப்பின் கதை. விசாரணை முடியும் தறுவாயில் அது கராஜில் சிலந்திவலையோடு கிடைக்கிறது. வளைவில்லை, நெளிவில்லை. அரசுத் தரப்பு அதை வைத்துக் கட்டியதெல்லாம் அங்கே சரிகிறது. ஆனாலும் ஜூரி தண்டித்தது. காரணம் புரிய, பிரேதப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இந்தத் தொடர் சறுக்குவதும் அங்கேதான்.

மருத்துவர் டெபோரா ராடிஷ் பதிவு செய்தவை: தலையின் பின்புறத்தில் ஆழமான 7 கிழிசல்கள், மண்டையோட்டில் விரிசல் இல்லை, மூளையில் அடிபட்ட கன்றல் இல்லை, கழுத்தில் தைராய்டு குருத்தெலும்பின் ஒரு கொம்பு முறிவு, மூளையில் ‘சிவப்பு நியூரான்கள்’. மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்து கணிசமான நேரம் உயிர் இருந்தால்தான் கடைசியாகச் சொன்ன இந்த மாற்றம் தெரியும். சுமார் 2 மணி நேரம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. விழுந்ததுமே கண்டுபிடித்து அழைத்தார் என்றால் இது பொருந்தாது. அதே சமயம், விழுந்து நெடுநேரம் யாரும் பார்க்காமல் கிடந்தார் என்றாலும் இது பொருந்தும். ஆக, சிவப்பு நியூரான் நேரத்தைச் சொல்கிறதே தவிர கையைச் சொல்லவில்லை. கழுத்தை நெரித்ததன் அடையாளமாகப் பார்க்கப்படும் கழுத்து முறிவுதான் எதிர்த்தரப்புக்கு அதிகச் சங்கடம். மண்டை உடையாததுதான் அரசுத் தரப்புக்கு அதிகச் சங்கடம். மாநிலத்தில் அடித்துக் கொல்லப்பட்ட 250-க்கும் மேற்பட்டவர்களின் அறிக்கைகளை எதிர்த்தரப்பு நிபுணர்கள் அலசியும், மண்டை உடையாமல், மூளை கன்றாமல் இருந்த இப்படியொரு மரணம் கிடைக்கவில்லை என்றார்கள். இந்த இரண்டு முறிவுகளையும் (ஒன்று இருப்பது, இன்னொன்று இல்லாதது) பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள். விவாதம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

நோக்கம் என்று காட்டப்பட்டது, பீட்டர்சன் ஓர் ஆணோடு பரிமாறிய மின்னஞ்சல்கள். அன்று இரவு 11 மணிக்குப் பிறகு கேத்லீனுக்கு அலுவலகத் தோழி ஒருவர் அழைத்ததும், ஆவணம் அனுப்பக் கணவரின் மின்னஞ்சல் முகவரி தரப்பட்டதும் உண்மை. கணினியில் உட்கார்ந்து பழைய மடல்களைப் பார்த்து அதிர்ந்தார் என்பது ஊகம். 2003-ன் அமெரிக்கத் தெற்கில் ஒரு ஜூரியின் மனதில் அந்த ஊகம் எவ்வளவு கனத்திருக்கும் என்பதை அரசு வழக்கறிஞர் ஃப்ரெடா பிளாக்கின் இறுதி வாதத்தைக் கேட்டால் தெரியும். கேட்கவே சகிக்கவில்லை. ஜெர்மனி விவகாரமும் அப்படியே. 1985-ல் அங்கே பீட்டர்சனின் குடும்ப நண்பர் எலிசபெத் ராட்லிஃப் படிக்கட்டின் அடியில் இறந்து கிடந்தார். அன்று மூளை ரத்தக்கசிவு என்றார்கள். 2003-ல் உடலைத் தோண்டியெடுத்து ராடிஷ் கொலை என்றார். இதை ஜூரி முன் வைக்க நீதிபதி ஆர்லாண்டோ ஹட்சன் அனுமதித்ததும் வழக்கின் போக்கே மாறியது.

9, 10 பகுதிகளைச் சலிப்பாக இருக்கிறதென்று தாண்டிவிடாதீர்கள். ரத்தத் தெறிப்பு பற்றிச் சாட்சி சொன்ன மாநிலப் புலனாய்வு நிபுணர் டுவேன் டீவர், தன் அனுபவத்தை மிகைப்படுத்தி ஜூரியைத் தவறாக நம்பவைத்தார் என்று 2011-ல் அதே ஹட்சன் முடிவு செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். டீவரின் சோதனைக் காட்சிகளைக் கவனியுங்கள். வேண்டிய கறை வரும்வரை திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு செய்வது ஆய்வாகாது.

2018-ல் சேர்ந்த கடைசி 3 பகுதிகள் மெதுவானவை. 2017 பிப்ரவரி 24 அன்று பீட்டர்சன் ‘ஆல்ஃபர்ட் ப்ளீ’ முறையில் வழக்கை முடித்துக்கொண்டதற்காக மட்டும் பார்க்கலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, தண்டிக்கப் போதுமான சாட்சியம் அரசிடம் இருக்கிறது என்பதை ஏற்பது அந்த முறை. கொலை என்பது ‘வாலண்டரி மேன்ஸ்லாட்டர்’ (முன்கூட்டித் திட்டமிடாமல் உயிரைப் பறித்தது) ஆகக் குறைந்தது. அதற்கான உச்சம் 86 மாதம், அதைவிட அதிகமாகவே அவர் உள்ளே இருந்துவிட்டார். “நிரபராதி என்று விடுதலையானார்” என்று எழுதுகிறவர்கள் இதைப் படிக்காதவர்கள்.

தொடர் மீது இரண்டு குறைகள். முதல் பாகத்தின் படத்தொகுப்பாளர் சோஃபி ப்ரூனே பின்னாளில் பீட்டர்சனோடு நெருங்கிய உறவில் இருந்தார். 8 பகுதிகளை வெட்டி முடித்த பிறகுதான் அது தொடங்கியது என்கிறார்கள். இருக்கட்டும், பார்ப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அடுத்தது அதைவிடப் பெரியது. கேத்லீன் இதில் ஆளாகவே இல்லை. நார்டெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்த, 48 வயதில் இறந்த ஒரு பெண், 13 பகுதிகளிலும் பெரும்பாலும் புகைப்படமாகவும் பிணவறைப் படமாகவும் மட்டுமே வருகிறார். அவர் மகளும் சகோதரியும் கணவருக்கு எதிராக நின்றார்கள். அவர்கள் தரப்புக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. தலைமுடியில் கிடைத்த நுண்ணிய இறகுத் துணுக்கை வைத்து, ஆந்தை தாக்கியதால்தான் காயங்கள் வந்தன என்று பேசப்படும் வாதத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். தொடரில் அது இல்லை.

எங்கள் கணிப்பு: கீழே விழுந்ததால் மட்டும் வந்த மரணம் என்று நம்ப முடியவில்லை. ஆனால் ஆயுதம் பொய்த்து, ரத்தச் சாட்சி பொய்த்து, நோக்கம் ஊகமாக நின்ற 2003 வழக்கில் சந்தேகத்தின் பலனைத் தந்திருக்க வேண்டும். தொடருக்கு 5-க்கு 4. நேரம் குறைவென்றால் 1, 3, 7, 8, 10, 13 பகுதிகள் போதும். 8-க்குப் போவதற்கு முன் பிரேதப் பரிசோதனை அறிக்கையை ஒருமுறை படித்துவிடுங்கள், இணையத்தில் கிடைக்கிறது.