விஎஸ் கோடில் கன்ட்ரோலும் சாய்வுக்கோடும்: பைத்தானில் பல வரி கமென்ட் போட எனக்கு இது போதும்

பைத்தானில் நாலைந்து வரியைச் சேர்த்துக் கமென்ட் ஆக்க, அதாவது ஓடாமல் விட்டுவிடும்படி செய்ய, மேலே மூன்று மேற்கோள் குறி, கீழே மூன்று மேற்கோள் குறி என்று அடைத்துவிடுவதுதான் ரொம்ப நாளாக என் பழக்கம். இப்போது அதை அடியோடு விட்டுவிட்டேன். நான் நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் வரிகளைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலோடு சாய்வுக்கோட்டை அழுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் # வந்துவிடுகிறது. மறுபடி அழுத்தினால் போய்விடுகிறது. மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

என்னை மாற வைத்தது ஒரு லிஸ்ட். ஒரு அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டிய பத்திகளின் பெயர்கள் அதில் வரிக்கு ஒன்றாக இருந்தன: பெயர், வயது, எடை, உயரம், தேதி. எடையும் உயரமும் இப்போதைக்கு வேண்டாம் என்று அந்த இரண்டு வரியை மூன்று மேற்கோளுக்குள் அடைத்தேன். எரர் எதுவும் வரவில்லை. ஆனால் முடிவில் தேதியையும் காணோம். ஒரு மதியம் முழுக்கத் தேடினேன். மூன்று மேற்கோள் கமென்ட்டே இல்லை, அது ஒரு ஸ்ட்ரிங், அதாவது மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர். நடுவில் கமா இல்லாமல் இரண்டு ஸ்ட்ரிங் அடுத்தடுத்து வந்தால் பைத்தான் அவற்றை ஒன்றாக ஒட்டிவிடும். நான் அடைத்ததும் அதற்குக் கீழே இருந்த தேதியும் சேர்ந்து ஒரு நீண்ட ஸ்ட்ரிங்காகிவிட்டன. தனியாக நிற்கும்போது அந்த ஸ்ட்ரிங்கை யாரும் பயன்படுத்துவதில்லை, அதனால்தான் அது கமென்ட் மாதிரியே தெரிகிறது.

இன்னொரு தடவை, அடைத்த வரிகளுக்குள் விண்டோஸின் யூசர்ஸ் ஃபோல்டர் முகவரி இருந்தது. பின்சாய்வுக்கோட்டை அடுத்துப் பெரிய யூ வந்ததால், அதை யூனிகோட் குறியீடு என்று எடுத்துக்கொண்டு சின்டாக்ஸ் எரர் வந்தது. முதலில் அந்த வரி, பின்சாய்வுக்கோட்டை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும் ரா ஸ்ட்ரிங்காக, ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது!

# போட்டால் இந்தத் தொல்லை ஒன்றுமே இல்லை. இந்த ஷார்ட்கட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது, உள்ளே ஏற்கெனவே இருக்கும் கமென்ட்டுகளை அது நடத்தும் விதம். அவற்றுக்கு இன்னொரு # சேர்க்கும், திரும்ப எடுக்கும்போது ஒன்றை மட்டும் எடுக்கும். என் பழைய குறிப்பு அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்ததில் இடது ஓரத்துக்கு மிக அருகில் இருக்கும் வரியின் தொடக்கத்தில்தான் எல்லா வரிக்கும் # வைக்கிறது, அதனால் உள்தள்ளலின் வடிவம் கெடுவதில்லை. #-க்குப் பிறகு ஒரு இடைவெளியும் விடுகிறது, பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 சொல்வதும் அதைத்தான். வெற்று வரிகளைத் தொடுவதில்லை.

விண்டோஸில் ஷிஃப்ட், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிளாக் கமென்ட் வரும். பைத்தானில் அது போடுவதும் அதே மூன்று மேற்கோள்தான், அதனால் நான் பயன்படுத்துவதில்லை. சில கீபோர்டு அமைப்புகளில் சாய்வுக்கோடு வேறு இடத்தில் இருக்கும். அப்படியென்றால் ஷார்ட்கட் அமைப்பில் போய் வசதியான விசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

விஎஸ் கோட் இல்லாமல் பைத்தானோடு வரும் ஐடிலில் எழுதுபவர்களுக்கு விண்டோஸில் ஆல்ட் 3, எடுப்பதற்கு ஆல்ட் 4. அது வரியின் தொடக்கத்திலேயே ## என்று இரண்டு போடும். பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் அதுவும் உண்மையான கமென்ட்தான்.