நேம் பிளேட்டுக்காக நின்ற 40 பம்புகள்: மூன்று வருட ஈஆர்பி அனுபவம்

கோவை கணபதியில் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் இருப்பது) செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது, மொத்தம் 40 பேர் இருப்போம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆர்டர், ஸ்டாக், உற்பத்தி, டெலிவரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற ஈஆர்பி மென்பொருள் ஒன்று வாங்கினோம். அதன் பேர் வேண்டாம், நான் சொல்லப்போகிற கோளாறுகளில் பாதி எங்களுடையது.

அதற்கு முன்னால் ஆர்டர் போனில் வரும், வாட்ஸ்ஆப்பில் வரும், முதலாளி டைரியில் எழுதுவார். கோடை சீசனில் எந்த டீலர் கேட்டாலும் ஒரே பதில்தான், "அடுத்த வாரம் கிளம்பிருமுங்க".

முதல் ஆறு மாதம் முன்பைவிட மோசம். ஸ்கிரீனில் 60 இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம்) காட்டும், ரேக்கில் 22 இருக்கும், மீதி ஆவாரம்பாளையத்தில் கடைசலுக்குப் போயிருக்கும். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளிப்பட்டறையில் கூலிக்குச் செய்து வாங்குவதற்கு, அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதிக்காக டெலிவரி சலான் போட்டுக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் அது ஆடிட்டருக்கு மட்டும். ஒவ்வொரு ஜாப் ஒர்க் பட்டறையையும் சிஸ்டத்தில் தனி கோடவுனாகத் திறந்து, சலான் போடும்போதே என்ட்ரியும் போட ஆரம்பித்த பிறகுதான் ஸ்டாக் நம்புகிற மாதிரி ஆனது.

அப்புறம் அந்த நேம் பிளேட் கதை. தேனி டீலருக்கு 1.5 எச்பி 40 பம்ப், டெஸ்டிங் முடிந்து பெயிண்ட்டும் காய்ந்துவிட்டது, நேம் பிளேட் இல்லை. கைக்குள் மடங்குகிற ஒரு தகடு வராமல் நான்கு நாள் அத்தனையும் டிஸ்பாட்ச் வாசலில் நின்றன. நேம் பிளேட், அட்டைப்பெட்டி, வாரண்டி கார்டு எதையுமே ஒரு பம்புக்கு என்னென்ன வேண்டும் என்று சிஸ்டத்தில் இருக்கும் பொருள் பட்டியலில் ஏற்றவில்லை, சில்லறைச் சாமான்தானே என்று விட்டிருந்தோம். இப்போது மூன்றும் பட்டியலில் உண்டு. போல்ட், வாஷருக்கு மட்டும் கம்ப்யூட்டர் கிடையாது, இரண்டு டப்பா, ஒன்று காலியானால் ஆர்டர். கான்பான் என்று ஜப்பான்காரர்கள் பேர் வைத்திருக்கிறார்கள், நம் வீட்டில் இரண்டு கேஸ் சிலிண்டர் வைத்து ஓட்டுகிற அதே வித்தைதான்.

உண்மையில் டெலிவரி நாளைக் குறைத்தது வேறொன்று. ஷாப் ஃப்ளோரில் அரைகுறையாக 300 பம்ப் கிடக்கும், ஒரு நாளைக்கு வெளியே போவது 30. அப்படியானால் இன்று இறக்குகிற பம்ப் வரிசையில் நின்று வெளியே வர பத்து வேலை நாள், யார் எவ்வளவு கத்தினாலும். வைண்டிங் முடிந்த ஸ்டேட்டர், ஷாஃப்ட், மெக்கானிக்கல் சீல், பேரிங் என்று முழு செட்டும் ட்ராலியில் சேராமல் அசெம்பிளிக்கு இறக்கக்கூடாது என்று விதி போட்டோம். ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று முதல் இரண்டு வாரம் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. இப்போது அரைகுறையாகக் கிடப்பது 150 தாண்டுவதில்லை, ஐந்து நாளில் வெளியே வந்துவிடுகிறது.

மென்பொருள் மேல் எனக்கிருக்கும் பெரிய கோபம் ரிப்போர்ட். டெலிவரி தேதியை மாற்றினால் பழைய தேதி அழிந்துவிடும், அதனால் பத்து நாள் தள்ளிப்போட்ட ஆர்டரும் "ஆன் டைம்" கணக்கில் சேர்ந்து, மாதாமாதம் 95 சதவீதம் என்று பச்சையாகச் சிரிக்கும், அந்தப் பக்கம் டீலர் போனில் திட்டிக்கொண்டிருப்பார். 'முதலில் சொன்ன தேதி' என்று தனியாக ஒரு கட்டம் கேட்டு வாங்கினோம், கூடுதல் காசுக்கு. அதை வைத்துப் பார்த்த முதல் மாதம் 58 வந்தது. இப்போது 80 பக்கம், சீசனில் 70க்கு இறங்கும். 20 கேட்டவருக்கு 12 அனுப்பினால் மீதி எட்டையும் சேர்த்து ஆர்டரை மூடிவிடுகிற வியாதி மட்டும் இன்னும் தீரவில்லை, அதற்கு ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறோம்.

அடுத்த மாதம் சந்தா முடிகிறது. புதுப்பிக்கத்தான் போகிறோம், ஆனால் மொபைல் ஆப்புக்குத் தனியாகக் கேட்கிற காசைக் கொடுப்பதாக இல்லை. லோடு ஏற்றும்போது அது திறப்பதற்குள் லாரி கிளம்பிவிடுகிறது.