வடிகால் மூடியா, உயர்ந்த நடைபாதையா, ஒரே மட்டத் தெருவா? தாம்பரம் புறநகரின் தெருக்களுக்குப் பொருந்துவது எது

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. ஊர்கள் மாநகரமாகிவிட்டபோதிலும் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் போன்ற இடங்களின் உட்தெருக்கள் பெரும்பாலும் மனைப்பிரிவு போட்ட காலத்தில் விட்ட 20, 24, 30 அடி அகலத்திலேயே இருக்கின்றன. தனி வீடுகள் இருந்த மனைகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழ எழ, நடப்பவர்களும் ஓடும் வண்டிகளும் நிறுத்திவைத்த கார்களும் அதே அகலத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இத்தெருக்களை நடப்பதற்கு ஏற்றவையாக்க மூன்று வழிகள் உண்டு. அவற்றை எடை போடும்போது, எட்டு வயதுக் குழந்தையும் எழுபது வயது முதியவரும் துணையின்றிப் பேருந்து நிறுத்தம்வரை நடந்து போக முடியுமா என்பதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

இப்போது பரவலாகக் காணப்படுவது முதல் வழி: மழைநீர் வடிகாலின் கான்கிரீட் மூடியே நடைபாதை. வடிகால் எப்படியும் கட்டியாக வேண்டும் என்பதால் தனிச் செலவில்லை என்பது இதன் கவர்ச்சி. ஆனால் வடிகாலின் மட்டத்தை நீரோட்டச் சரிவே தீர்மானிக்கிறது. நடப்பவரின் கால் அங்கே கணக்கில் வருவதில்லை. ஒரு வீட்டு வாசலில் முழங்கால் உயரத்தில் நிற்கும் மூடி, நாலு வீடு தள்ளி சாலையோடு சாலையாக இருக்கும். இடையில் ஒவ்வொரு வாயிற்கதவிலிருந்தும் கார் இறங்கும் சாய்தளம் குறுக்கிடும். மின்வாரியப் பெட்டியும் மரமும் வழியை அடைக்கும். தூர்வாருவதற்காகத் திறந்த மூடி சரியாக உட்காராமல் ஆடும். என் தாயாரோடு மாலையில் நடக்கப் போகும் ஒவ்வொரு நாளும், இருபது அடி தொலைவுக்குள் மூன்று முறை சாலையில் இறங்கி ஏறுவதைவிடச் சாலையிலேயே நடப்பது மேல் என்று அவர் முடிவு செய்வதைப் பார்க்கிறேன். அவர் முடிவில் தவறில்லை.

இரண்டாவது வழி, முறையான உயர்ந்த நடைபாதை. இந்தியச் சாலைப் பேராயம் 2012-இல் வெளியிட்ட நடப்போர் வசதிகளுக்கான வழிகாட்டி, தடையின்றி நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றும் நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. விதி நல்லது, ஆனால் 24 அடித் தெருவில் அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். 24 அடி என்பது ஏறக்குறைய 7.3 மீட்டர். இருபுறமும் 1.8 மீட்டர் விட்டால் எஞ்சுவது 3.7 மீட்டர், அதில் ஒரு கார் நின்றால் குப்பை வண்டியோ ஆம்புலன்ஸோ போக முடியாது. ஆகவே கார்கள் நடைபாதை மீது ஏறும், அல்லது நடைபாதை ஒரு முழமாகச் சுருங்கும். ஒரு புறம் மட்டும் அமைப்பது கணக்கில் சரியாக வந்தாலும், எதிர் வரிசை வீட்டுக்காரர்களுக்கு அதனால் பயன் குறைவு.

எனவே உட்தெருக்களுக்கு மூன்றாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். நடைபாதை, சாலை என்ற பிரிவினையே இல்லாமல் முழுத் தெருவையும் ஒரே மட்டத்தில் அமைத்து, வண்டியின் வேகத்தை நடப்பவரின் வேகத்துக்கு அருகில் இறக்கிவிடுவது அது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் முளைத்த இம்முறைக்கு அந்நாடு 1976-இல் சட்ட வடிவம் கொடுத்தது. ‘மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகை மட்டும் வேகத்தைக் குறைக்காது. தெருவின் வடிவம்தான் குறைக்கும். தெரு தொடங்கும் இடத்தில் அகலமான தட்டை வேகத்தடை, கார் நிறுத்தும் இடங்களை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி ஒதுக்குவதால் உண்டாகும் வளைவு, ஏற்கெனவே நிற்கும் வேம்பையும் புங்கையும் வெட்டாமல் அவற்றைச் சுற்றிக் கட்டிய மேடை, தார்ச்சாலையைப் போல் ஓடத் தூண்டாத கல் பாவிய தரை ஆகியவை சேர்ந்தால் ஓட்டுநர் தானாகவே தயங்குவார். நம் தெருக்களில் மக்கள் ஏற்கெனவே நடுச்சாலையில்தான் நடக்கிறார்கள். இந்த வடிவமைப்பு அந்தப் பழக்கத்தோடு மல்லுக்கு நிற்காமல் அதைப் பாதுகாக்கிறது. ஒரு குறையை மறைக்கக் கூடாது: பார்வையற்றவர் கைத்தடியால் தடவி வழி அறியும் விளிம்பு இதில் இல்லாமல் போகிறது. ஒரு ஓரத்திலாவது தொட்டுணரும் வரியோடிய ஓடுகளை இடைவெளியின்றிப் பதிக்காவிட்டால் இந்த வழியையும் ஏற்க முடியாது.

பேருந்து ஓடும் சாலைகளில் இந்த முடிவு மாறும். வேளச்சேரி–தாம்பரம் சாலை போன்ற இடங்களில் வேகமும் கனரக வண்டிகளும் இருப்பதால் உயர்ந்த நடைபாதைதான் வேண்டும். 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம், கடைத்தெருவில் நடப்பவருக்கு அகலமான இடம் விட முடியும் என்பதைக் காட்டியது.

சாலையைக் கடப்பதில்தான் புறநகர் மிகவும் தோற்கிறது. 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஜி.எஸ்.டி. சாலை போன்ற பெருஞ்சாலைகளில் நடை மேம்பாலமே முதல் தீர்வாகச் சொல்லப்படுகிறது. லாரிகளுக்கு 5.5 மீட்டர் இடைவெளி விட்டு, தளத்தின் தடிமனையும் சேர்த்தால் 6 மீட்டர் ஏற வேண்டும். அதாவது 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 என்ற சரிவில் பாதை அமைத்தால் ஒரு புறத்துக்கு மட்டுமே 72 மீட்டர் நீளும். மாறாக, ஆறு தட சாலையின் 21 மீட்டரைச் சிக்னல் கொடுத்துத் தரைமட்டத்தில் கடக்க விட்டால், நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 18 நொடி போதும். நடுவில் நின்று கொள்ள மேடை இருந்தால் முதியவரும் இரண்டு கட்டமாகக் கடக்கலாம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைமேடையின் நிலை வேறு. ரயிலிலிருந்து இறங்குபவர் நிலையத்தின் மேம்பாலத்துக்கு எப்படியும் ஏறியே வருகிறார். வண்டிகளை நிறுத்த மனமில்லாமல் நடப்பவரை மாடி ஏறச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதைக் கெடுக்கக்கூடியது, பழைய தார்ப்படலத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடும் வழக்கம். ஒரு முறைக்கு 5 சென்டிமீட்டர் ஏறினால், மூன்றாம் முறையில் 15 சென்டிமீட்டர் நடைபாதை தரையோடு தரையாகும், வீடுகள் பள்ளத்தில் இருக்கும். ஆகவே தெரு ஒவ்வொன்றுக்கும் வீட்டு வாசலையும் வடிகாலையும் ஒட்டி ஒரு நிலையான மட்டத்தைக் குறித்து, அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட ஏறக் கூடாது என்ற நிபந்தனையைச் சாலை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.