தண்டர்பேர்டில் ஜிமெயில்: பன்னிரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் செய்யும் என் அத்தானின் கடைக்கு வரும் மின்னஞ்சல்களை, பாளையங்கோட்டையில் உள்ள என் வீட்டுக் கணினியில் தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் மென்பொருள் வழியாகப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பிரவுசரிலேயே பார்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இணையம் அறுந்து கிடக்கும் நாளில், மூன்று ஆண்டுக்கு முந்தைய ஆர்டரை ஒரு வியாபாரி போனில் கேட்டால், அதைக் கணினியிலிருந்தே தேடி எடுத்துச் சொல்ல முடிகிறது. எனக்கு அது போதும்.

சோதனை வந்தது 2022 ஜூன் மாதத்தில். பிரவுசரில் எந்தக் கடவுச்சொல்லுக்குத் திறந்ததோ, அதே கடவுச்சொல்லுக்குத் தண்டர்பேர்டில் அஞ்சல் பெட்டி திறக்கவில்லை. உள்நுழைவு தோல்வி என்ற அறிவிப்பை அப்படியே நம்பி, கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்றினேன். இரண்டு முறையும் கைபேசியில் புதிதாக உள்நுழைய நேர்ந்த அத்தானிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம். வெறும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து வெளி மென்பொருள்கள் உள்ளே நுழையும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் விலக்கிக்கொண்டது என்பதும், என் அமைப்பு அந்தப் பழைய முறையிலேயே கிடந்தது என்பதும் பிறகுதான் விளங்கின.

கணக்கு அமைப்பில் அங்கீகார முறையைச் சாதாரணக் கடவுச்சொல்லிலிருந்து 'ஓஆத்2' (கடவுச்சொல்லை மென்பொருளிடம் கொடுக்காமல் கூகுளின் பக்கத்திலேயே உள்நுழையும் முறை) என்று மாற்றியதும் கூகுளின் உள்நுழைவுச் சாளரம் திறந்தது; ஆனால் உள்நுழைவு முடியவில்லை. தண்டர்பேர்டிலும் பிரவுசரைப் போலவே குக்கீ (தளங்கள் கணினியில் வைக்கும் சிறு குறிப்பு) அனுமதி தனியாக உண்டு என்பதையும், எப்போதோ நானே அதை அணைத்து வைத்திருந்ததையும் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. அனுமதி கொடுத்தபின் அஞ்சல்கள் இறங்கின. அனுப்புவது மட்டும் நடக்கவில்லை. வெளிச்செல்லும் சர்வருக்கான அமைப்பு கணக்குப் பட்டியலின் அடியில் தனியே இருக்கிறது. அங்கும் ஓஆத்2 என்று மாற்ற வேண்டும். அஞ்சல் பெறும் ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு எஸ்எஸ்எல் குறியாக்கத்துடன் 465 அல்லது ஸ்டார்ட்டிஎல்எஸ் குறியாக்கத்துடன் 587 என்னும் போர்ட் (இணைப்பு வாயில்) எண்கள் சரியாக இருந்தும், இந்த ஓர் இடத்தைத் தவறவிட்டுத் தவித்தவன் நான் ஒருவனாக மட்டும் இருக்க மாட்டேன்.

ஓஆத்2 வசதியே இல்லாத மிகப் பழைய மென்பொருள் வைத்திருப்பவர்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி அந்த மென்பொருளுக்கு மட்டுமான 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் பெற்றுக்கொள்ளலாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

ஜிமெயிலின் 'அனைத்து அஞ்சல்' கோப்புறையையும் சேர்த்து இறக்கினால் ஒரே கடிதம் இரண்டு இடங்களில் வட்டை நிரப்பும் என்பது ஒரு சிறு குறை. அந்தக் கோப்புறைக்கு மட்டும் ஆஃப்லைன் சேமிப்பை நிறுத்திவிட்டேன்.

சென்ற ஆண்டு மறுபடியும் அஞ்சல் நின்றது. இந்த முறை கடவுச்சொல் பக்கமே போகாமல் முதலில் பிரவுசரைத் திறந்தேன். அதிலும் சான்றிதழ் (தளம் உண்மையானதுதான் என்று காட்டும், கால வரம்புள்ள அத்தாட்சி) பிழை. தண்டர்பேர்டைக் குறை சொல்ல வழியில்லை. கணினியின் மூலையில் பார்த்தால், தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. இன்றைய சான்றிதழ் அந்தத் தேதிக்கு இன்னும் செல்லுபடியாகாத ஒன்று அல்லவா! தேதியைத் திருத்தினால் அன்றைக்குச் சரியாகும். இரவில் சுவிட்சை அணைத்தால் காலையில் பழைய கதைதான். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரியை மாற்றிய பிறகு அந்தப் பிழை வரவே இல்லை.