செந்தூல் கடைவீட்டு ஏர்கோன்: ஓராண்டு ஓட்டிப் பார்த்த பிறகு

கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, நடுவில் என் டியூஷன் சென்டர், மேலே பரதநாட்டிய வகுப்பு. கோலாலம்பூர் செந்தூலில் அப்பா அச்சகம் நடத்திய மூன்று மாடிக் கடைவீடு இது. 20 அடி அகலம், 70 அடி நீளம், முன்பக்கம் மேற்கு. மேற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது ஏர்கோனுக்கு விலை சொல்ல வந்த மூன்று பேரில் ஒருவர்தான் அதைக் கேட்டார்.

பழைய ஏர்கோன்கள் எல்லாம் ஆர்22 என்ற பழைய குளிர்வாயுக் காலத்துச் சாமான்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் வருவார், கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டுவார், "கேஸ் குறைஞ்சிருக்கு டீச்சர்" என்பார், ஏற்றிவிட்டு 180 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போவார். நான் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவரும் வாயு எப்படித் தானாகக் குறையும் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். நான்கு வருடம் ஓட்டையை விட்டுவிட்டுக் கேஸுக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

2024 நவம்பரில் மேல்மாடி ஏர்கோன் இரண்டும் ஒரே வாரத்தில் நின்றன. வேர்வை சொட்டிய தரையில் ஒரு பிள்ளை சலங்கையோடு வழுக்கி விழுந்தாள். நடன டீச்சர் என்னிடம் வந்து வேறு இடம் பார்ப்பது பற்றி மெதுவாகப் பேச்செடுத்தார். சரி, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று மூன்று பேரைக் கூப்பிட்டேன்.

முதலில் வந்தவர் டேப் பிடித்து அளந்தார். 150 சதுர அடிக்கு 1 ஹெச்பி என்று கைப்பேசியில் ஒரு கணக்குப் போட்டார், மூன்று மாடிக்கும் ஒரே எண்ணிக்கையை எழுதினார், சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட்டாகவே எல்லாம் போட்டு 61,000 வெள்ளி என்றார். வந்து போனது பத்து நிமிடம்.

இரண்டாமவர் டை கட்டிக்கொண்டு வந்தார். கட்டடம் முழுவதற்கும் வி.ஆர்.எஃப்., 112,000 வெள்ளி. வெளியே ஒரு பெரிய எந்திரம், அதிலிருந்து கிளை பிரிந்து ஒவ்வோர் அறைக்கும் ஓர் உள்பெட்டி. எந்த அறைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்குத்தான் கேஸ் போகும். ஜப்பானின் டைக்கின் நிறுவனம் 1982-ல் வி.ஆர்.வி. என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் அவர்களுக்குச் சொந்தமானதால் மற்ற எல்லாரும் வி.ஆர்.எஃப். என்கிறார்கள், சரக்கு ஒன்றுதான். அவர் காட்டிய படங்கள் அழகாக இருந்தன. ஏறக்குறைய கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மூன்றாமவர் ஐம்பது வயதுக்காரர். காலையில் வரச் சொன்னதற்கு, "நாலு மணிக்கு வரேன் டீச்சர், வெயில் எங்க அடிக்குதுன்னு பாக்கணும்" என்றார். மாடி ஏறியதும் டேப்பை எடுக்கவில்லை. முன்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அடுத்து, "இந்த ரூம்ல சாயங்காலம் எத்தனை பிள்ளைங்க?" என்றார். 24 என்றேன்.

அவர் சொன்ன கணக்கை வகுப்பில் இப்போது நானே சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறோம். 24 பேர் என்றால் 2,400 வாட். இங்கே 1 ஹெச்பி என்று விற்பது மணிக்கு 9,000 பி.டி.யூ. குளிர்விக்கும் அளவு, அதாவது 2,600 வாட் சொச்சம். ஆகவே சுவர், கூரை, கண்ணாடி, விளக்கு எதையும் எண்ணாமல் பிள்ளைகள் மட்டுமே ஒரு ஹெச்பியைச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஆடுகிற பிள்ளைகள் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு, கூடவே வேர்வை ஈரம். மேல்மாடிக்குத் தலைக்கு மேல் நேரே கூரை. அதற்கும் நடுமாடிக்கும் ஒரே எண்ணிக்கை எழுதிய முதல் ஆளை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பெரிதாகப் போட்டுவிட்டால் போகிறது என்றும் இருக்க முடியாது. தேவைக்கு மேல் பெரிய எந்திரம் அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். நம் ஊரில் பாதி வங்கிக் கிளைகளில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பதும் இதனால்தானோ என்னவோ.

கீழே சாப்பாட்டுக் கடையில் நடந்ததைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைக்கார அண்ணனுக்கு ஒரே குறை: 15 ஹெச்பி போட்டும் முன்மேசைகளில் வாடிக்கையாளர்கள் விசிறிக்கொள்கிறார்கள், இன்னும் 5 ஹெச்பி சேர்க்க வேண்டும். மூன்றாமவர் கல்லாவுக்கு மேலிருந்த முருகன் படத்தைப் பார்த்தார், "அண்ணே, ஒரு ஊதுபத்தி குடுங்க" என்றார். பற்றவைத்து, சமையலறை வாசலில் இடுப்பு உயரத்தில் பிடித்தார். புகை மேலே எழும்பவே இல்லை. படுத்துக்கொண்டு, ஒரு நூலைப் பிடித்து இழுத்தது போல, அடுப்புப் பக்கம் ஓடியது. பிறகு முன்கதவிடுக்கில் பிடித்தார். அங்கே தெருவிலிருந்து உள்ளே வந்தது.

"பாத்தீங்களா? அடுப்பு மேல இருக்கிற விசிறி காத்த இழுத்துப் பின்சந்துல கொட்டுது. அதுக்கு எங்கேர்ந்து காத்து வரும்? உங்க டேபிள்ளேர்ந்து. அந்த இடத்துக்கு ரோட்டுச் சூடு உள்ள வருது. நீங்க பின்சந்துக்கு ஏர்கோன் போட்டிருக்கீங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் ஊதுபத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் சமையலறைக்குப் பின்சுவர் வழியாகத் தனியாகக் காற்று உள்ளே வர ஒரு விசிறியும் தகரக் குழாயும் போட்டோம், 3,800 வெள்ளி. ஏர்கோன் 15 ஹெச்பியிலிருந்து 12-க்கு இறங்கியது. கூரையில் பதிக்கும் 4 ஹெச்பி கேசட் மூன்று. இப்போது முன்மேசையில் யாரும் விசிறிக்கொள்வதில்லை. சமையல்காரருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

வேலையை மூன்றாமவரிடமே கொடுத்தேன். கட்டடம் முழுவதற்கும் வி.ஆர்.எஃப். ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு வருகிறேன். எந்திரத்தில் குறை இல்லை. எங்களிடம் மூன்று மாடி, மூன்று டி.என்.பி. மின்சார மீட்டர். ஒரே வெளி எந்திரம் என்றால் அது யாருடைய மீட்டரில் ஓடும்? டை கட்டியவரிடம் கேட்டேன். யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்று பிரித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது, தனிக் காசு என்றார். மாதா மாதம் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணனிடமும் நடன டீச்சரிடமும் போய் நிற்கப்போவது நான்தானே. தவிர, தீபாவளி வாரத்தில் அந்த ஒன்று படுத்தால் மூன்று மாடியும் படுக்கும். ஒரே முதலாளி, ஒரே மீட்டர், நிறைய அறைகள் உள்ள கட்டடம் என்றால் நானே வி.ஆர்.எஃப். போடச் சொல்வேன். இன்னும் பெரிய கட்டடத்துக்கு, தண்ணீரைக் குளிரவைத்துச் சுற்றவிடும் சில்லர். கே.எல்.சி.சி.யில் இரட்டைக் கோபுரங்களுக்குத் தனி ஆலையிலிருந்து குளிர்நீரே குழாயில் வருகிறது, ஏர்கோன் அங்கே தண்ணீர் சப்ளை மாதிரி. நமக்கு 70 அடிக் கடைவீடு.

நடுமாடிக்கு மட்டும், எல்லாம் என் மீட்டர் என்பதால், மினி வி.ஆர்.எஃப். போட்டேன்: வெளியே ஒன்று 10 ஹெச்பி, உள்ளே ஆறு பெட்டி. ஆறையும் கூட்டினால் 12 ஹெச்பி வரும். ஆறு அறையும் ஒரே நேரத்தில் நிரம்புவதில்லை என்பதால் அது போதும் என்றார் மூன்றாமவர், போதுமானதாகவே இருக்கிறது. மேல்மாடி நடனக்கூடத்துக்கு 5 ஹெச்பி இரண்டு, தனித்தனியாக. ஒன்று நின்றாலும் வகுப்பு நடக்கும். மொத்தம் 79,000 வெள்ளி. சுவர் மாடலில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன நட்சத்திர ஸ்டிக்கரைக் கேசட்டில் தேடினேன், எங்களுக்குக் காட்டியவற்றில் இல்லை. அதனால் மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்ற எண்ணைப் பட்டியலில் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

பிராண்டைச் சொல்லப்போவதில்லை. கடையில் முன்வரிசையில் நிற்கும் மூன்று ஜப்பான் பெயர்களில் எதை எடுத்திருந்தாலும் என் அனுபவம் பெரிதாக மாறியிருக்காது. குழாய் போடுகிற கைதான் மாறும்.

அதை அருகிலிருந்து பார்த்தேன். செம்புக் குழாய் போட்டு முடித்ததும் கேஸைத் திறந்துவிடவில்லை. நைட்ரஜனை ஏற்றி 500 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிறுத்தி, கேஜ் முள்ளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல பசியாறிட்டு வரேன், யாரும் தொடவேணாம்" என்று கிளம்பிவிட்டார். மறுநாள் முள் 460-ல் நின்றது. 40 தானே என்றேன். "டீச்சர், இந்த 40 உங்களுக்கு வருசத்துக்கு ரெண்டு தடவை கேஸ்" என்றார். சோப்பு நுரையை ஒவ்வோர் இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தார். நான்காவது அறைக்கு மேலே, ஒரு நட்டின் ஓரத்தில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குமிழி ஊதியது, உடைந்தது, மறுபடி ஊதியது. குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து முடுக்கினார். அடுத்த நாள் 500. அதன் பிறகு பம்ப் வைத்து உள்ளே இருந்த காற்றையெல்லாம் இழுத்தெடுத்துவிட்டுத்தான் கேஸ். முதல் ஆளின் விலையில் இந்த இரண்டு நாள் இருந்திருக்காது.

கேசட்டில் இருக்கும் கேஸ் ஆர்32, மினியில் ஆர்410ஏ. புவியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைப்போல ஆர்32-க்கு 675 மடங்கு, ஆர்410ஏ-க்கு 2,088 மடங்கு. மினியிலும் ஆர்32 மாடல் கேட்டேன், மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கவில்லை. படிவம் ஐந்துப் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஓராண்டுக் கணக்கு. என் மாடியின் மின்சாரப் பில் மாதம் 1,150 வெள்ளி வாக்கில் இருந்தது, இப்போது 760 முதல் 800. 2025 ஜூலையில் கட்டண முறை மாறியபோது நேரவாரிக் கட்டணத்துக்குப் போகலாமா என்று ஆசையாகப் பார்த்தேன். வார நாட்களில் மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 வரை உச்ச நேரமாம். என் வகுப்புகள் 3 மணிக்குத் தொடங்கி 9.30-க்கு முடிகின்றன. டியூஷன் சென்டரை மனதில் வைத்தே போட்டது போல இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ரிமோட்டை 24-ல் வைத்துப் பூட்டிவிட்டேன். 2011-லேயே அரசு அலுவலகங்களில் 24-க்குக் கீழே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதைக் காட்டி மேல்மாடியிலும் சொல்லிப் பார்த்தேன். நடன டீச்சர் சிரித்துவிட்டு 18-ஐ அழுத்தினார். அவர் மீட்டர், அவர் இஷ்டம்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்ப்ளிட்டோ கேசட்டோ, இருக்கிற காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கதவை மூடிய அறையில் இரண்டாவது மணி நேரத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுவதை நான் கந்த சஷ்டி விரதம், ராத்திரி கைப்பேசி என்று எதையெதையோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் ஒரு மீட்டர் வாங்கி வைத்தான். வெளியே பத்து லட்சத்துக்கு 420 பங்கு காட்டுகிற கரியமில வாயு, என் வகுப்பில் 2,300. சுத்தக் காற்று உள்ளே வர ஒரு குழாய் விசிறி போட 2,600 வெள்ளி ஆனது. இப்போது 1,000 பக்கம் நிற்கிறது, கொட்டாவியும் குறைந்திருக்கிறது. மூன்று கொட்டேஷனில் ஒன்றில்கூட இது இல்லை, மூன்றாமவருடையது உட்பட. அந்த மனிதரிடம் எனக்குள்ள ஒரே பெரிய வருத்தம் இதுதான்.

அக்டோபரில் ஒரு மாலை இடியில் மினியின் போர்டு போயிற்று. இடி மின்னலில் பாயும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் வேண்டுமா என்று அவர் கேட்டபோது 450 வெள்ளியை மிச்சம் பிடித்தது நான். ஆறு அறையும் ஒரே அடியாக நின்றன, படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் நேரம் வேறு. போர்டு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் கீழ்க்கடை அண்ணன், மதியக் கூட்டம் கலைந்த பிறகு மூன்று மேசையை எங்களுக்குக் கொடுத்தார். ரசம் வாசனையில் மோல் கணக்குப் போட்டோம். ஒன்றில் எல்லாம் தொங்கினால் என்ன ஆகும் என்று டை கட்டியவரின் திட்டத்துக்குக் கேட்ட அதே கேள்வியை என் மாடிக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை. ப்ரொடெக்டர் இப்போது மூன்று மாடிக்கும் இருக்கிறது.

இன்னொன்று, கேசட்டில் தண்ணீரை மேலே தூக்கி வெளியேற்றும் குட்டிப் பம்ப். கீழ்க்கடையில் ஒன்றில் அது பாசி பிடித்து அடைத்து, ஒரு பெரியவரின் இலையில் சொட்டு விழுந்தது. அவர் மழை என்று நினைத்து மேலே பார்த்தார். மார்ச்சில் அடுத்த சர்வீஸ். மூன்று பம்பையும் கழற்றித் தரையில் வைத்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.