பழைய கேம், புது மெஷின்: எமுலேஷனா, ரீமாஸ்டரா, ரீமேக்கா?

பழைய கேம் ஒன்று புது கன்சோலுக்கு வந்தாலே, பழைய நினைப்பை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. அந்த நிலையில் ஒரு கேம் திரும்பி வருவதே பெரிய விஷயம். எந்த வழியில் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எமுலேஷன்தான் நேர்மையான வழி. பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை வைத்து, கேமில் கை வைக்காமல் அப்படியே ஓட வைப்பது, கூடவே நினைத்த இடத்தில் சேவ் செய்யும் வசதி. ஆனால் 'அப்படியே' என்பது அவ்வளவு சுலபமில்லை. 1991-ல் வந்த சோனிக்கில் அருவியைச் செங்குத்துக் கோடுகளாகத்தான் வரைந்திருப்பார்கள்; பிக்சர் ட்யூப் டிவியில், பழைய கேபிள் வழியே வரும்போது அந்தக் கோடுகள் கலங்கி ஒன்றாகி, தண்ணீர் ஊடுருவித் தெரியும். இன்றைய கூர்மையான ஸ்கிரீனில் வெறும் கோடு கோடாக நிற்கும். பழைய டிவி போலவே படத்தைக் காட்டும் நல்ல ஃபில்டர் கொடுத்தால் இதைச் சரிக்கட்டலாம். இதே வழியில், பழைய கேம்களை உள்ளேயே போட்டு வந்த மினி கன்சோல்களில் 2017-ன் எஸ்.என்.இ.எஸ் (சூப்பர் நின்டெண்டோ) கிளாசிக்கைத் தயங்காமல் சொல்வேன், அதுவரை வெளிவராமலே கிடந்த ஸ்டார் ஃபாக்ஸ் 2 அதில் இருந்தது. அடுத்த வருடம் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக்கோ டெக்கன் 3 போன்ற வேகமான சண்டை கேமுக்குக்கூட நொடிக்கு 60 தடவைக்குப் பதில் 50 தடவைதான் படம் மாறும் 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பிய பதிப்பைப் போட்டிருந்தது. சண்டை கேமில் அந்த மந்தம் கையிலேயே தெரியும்.

என் ஓட்டு, அதே கேமுக்குப் புது கிராபிக்ஸ் பூசித் தரும் ரீமாஸ்டருக்கு, அதிலும் பழசு புதுசு இரண்டுக்கும் நடுவே ஒரே பட்டனில் மாறிக்கொள்ள விடுகிற வகைக்கு. 2011-ன் ஹேலோ ஆனிவர்சரி, 2017-ன் ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்டு, 2024-ல் வந்த டூம் ரைடர் முதல் மூன்று பாகங்கள் எல்லாம் இந்த வகைதான். டூம் ரைடரில் இது வெறும் அலங்காரம் இல்லை. அந்த கேமின் உலகமே சதுரக் கட்டங்களால் ஆனது, எத்தனை கட்டம் தள்ளி நின்று தாவினால் எட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ஆட வேண்டும்; புது கிராபிக்ஸில் செடியும் பாறையும் வந்து அந்த விளிம்புகளை மறைத்துவிடும் இடங்களில் பட்டனை அழுத்தினால் போதும், பழைய கட்டம் பளிச்சென்று தெரியும், லெவலை வடிவமைத்தவர் என்ன நினைத்தார் என்பதும் புரியும்.

பழசை அழித்துவிட்டு வரும் ரீமாஸ்டரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 2020-ல் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு வந்தபோது, அதை வாங்காமல் பழைய கேமை மட்டும் வைத்திருந்தவர்களுக்கும் பழைய மென்பொருள் மாற்றப்பட்டது. 2021-ல் மூன்று பழைய ஜிடிஏ கேம்களின் ரீமாஸ்டரான ஜிடிஏ ட்ரிலஜி வந்தபோது பழைய பதிப்புகள் டிஜிட்டல் கடைகளிலிருந்து காணாமல் போயின. ட்ரிலஜி வந்த புதுசில் அதில் ஏகப்பட்ட கோளாறு, அப்புறம் அதை வெளியிட்ட ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய பதிப்புகளைத் திரும்ப விற்பதாகச் சொன்னது.

ரீமேக் என்பது பழைய கதையை வைத்து முதலிலிருந்து திரும்பச் செய்வது, உண்மையில் புது கேம். ஃபைனல் ஃபேண்டஸி 7-ல் முதல் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் மிட்கார் நகரத்தை வைத்தே 2020-ல் ஒரு முழு கேம் எடுத்தார்கள். 1998-ன் ரெசிடென்ட் ஈவில் 2-ல் கேமரா ஒரே இடத்தில் நிற்கும், மூலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது, காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். பயம் அங்கிருந்துதான் வரும். 2019-ன் ரீமேக் கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டு, இருட்டையும் டார்ச் வெளிச்சத்தையும் வைத்து வேறு விதமாகப் பயமுறுத்தியது. எனக்கு இரண்டுமே பிடிக்கும். 2024-ல் இணையத்தில் கேம் விற்கும் ஜிஓஜி தளம் அந்த 1998 பதிப்பையும் இன்றைய கணினிகளுக்கு ஏற்றபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதனால் முதலில் அதை ஆடிவிட்டு ரீமேக்குக்குப் போங்கள்.