ஹிகாரு நோ கோ, சிஹாயாஃபுரு, மார்ச் லயன்: முதலில் எதைப் பார்ப்பது?

விடுமுறையில் அக்கா மகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு தொடர் வேண்டியிருந்தது. செஸ் வகுப்புக்குப் போகிற பிள்ளை, அதனால் ஏதாவது ஓர் ஆட்டத்தில் தேறுவதற்காகப் பாடுபடுகிறவர்களின் கதையாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. அனிமேயில் (ஜப்பானிய அனிமேஷன்) அப்படித் தேடினால் மூன்று பெயர்கள் தவறாமல் வரும். கோ ஆட்டத்தை வைத்து எடுத்த ஹிகாரு நோ கோ, கருட்டா என்ற சீட்டு விளையாட்டை வைத்து எடுத்த சிஹாயாஃபுரு, ஷோகியை வைத்து எடுத்த மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன் (இனி மார்ச் லயன்). மூன்றையும் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், மூன்றும் பிடிக்கும். கடைசியில் ஹிகாரு நோ கோவைத்தான் எடுத்தேன்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். படம் அழகாக இருக்க வேண்டும் என்றால் மார்ச் லயன்தான். ஷாஃப்ட் ஸ்டூடியோ, 2016 முதல் 2018 வரை, இரண்டு சீசனும் சேர்த்து 44 எபிசோடு. சிஹாயாஃபுரு மேட்ஹவுஸ் தயாரிப்பு, 2011, 2013, 2019 என்று மூன்று சீசன், 74 எபிசோடு. ஹிகாரு நோ கோ 2001 அக்டோபரில் தொடங்கி 2003 மார்ச்சில் முடிந்தது, 75 எபிசோடு, பழைய சதுரத் திரை, இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். விதிகள் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். ஷோகி செஸ்ஸுக்கு நெருங்கிய சொந்தம், வெட்டிய காயைத் தன் காயாகவே மீண்டும் பலகையில் இறக்கலாம் என்பது ஒன்றுதான் நமக்குப் பெரிய அதிர்ச்சி. கோ ஆட்டத்தில் கல்லை வைத்து இடம் பிடிக்க வேண்டும், எதிரியின் கல்லைச் சுற்றி வளைத்தால் எடுத்துவிடலாம், அவ்வளவு தெரிந்தால் தொடரைப் பார்க்கப் போதும்.

நான் முடிவெடுத்தது வேறொரு விஷயத்தை வைத்து. ஒன்றுமே தெரியாத ஆள் எப்படிப் படிப்படியாகத் தெரிந்தவன் ஆகிறான் என்பதைத் தொடர் கண்ணெதிரே காட்டுகிறதா, இல்லை, அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறதா? தேர்ச்சியைப் பற்றிய கதை என்றால் எனக்கு இதுதான் எல்லாம்.

மார்ச் லயனில் இது இல்லவே இல்லை, அது அந்தத் தொடரின் குறையும் கிடையாது. கிரியாமா ரெய் முதல் காட்சியிலேயே தொழில்முறை வீரன். நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போதே ப்ரோ ஆன ஐந்தாவது ஆள் என்று கதையில் சொல்கிறார்கள் (தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய அதே 2016 அக்டோபரில்தான் நிஜ வாழ்க்கையில் ஃபுஜி சோட்டா 14 வயதில் ப்ரோ ஆனார், அவரும் ஐந்தாவது ஆள்!). ஜெயித்து ஜெயித்து வந்த பையனுக்கு வீடு இல்லை, பேச ஆள் இல்லை, வளர்த்த குடும்பத்துப் பிள்ளைகளை ஆட்டத்தில் முந்தியதாலேயே அந்த வீட்டில் இருக்க முடியாமல் போயிற்று. அதைப் பற்றிய கதை இது. அதில் ஷிமாதா என்றொரு மூத்த வீரர் வருகிறார். அடுத்த சுற்றில் வரப்போகிற இன்னொரு எதிரியையே நினைத்துக்கொண்டு ரெய் அவர் முன்னால் போய் உட்கார, மனிதர் சத்தமில்லாமல் அவனை நொறுக்கிவிடுகிறார். எதிரில் இருப்பவர் யார் என்பதையே பாதி ஆட்டத்துக்குப் பிறகுதான் ரெய் பார்க்கிறான். மூன்று தொடரிலும் தோல்வியை இவ்வளவு அவமானத்தோடு காட்டிய இடம் வேறு இல்லை என்பேன். ஆனால் பள்ளியில் ஒரு பெண்ணை ஒதுக்கிவைத்துக் கொடுமைப்படுத்துவது, தனிமை, மன அழுத்தம் என்று வரும்போது சின்னப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சிஹாயாஃபுருவைத் தள்ளிவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நூறு பழைய கவிதைகள். அவற்றில் ஐம்பதின் சீட்டுகள்தான் தரையில், ஆளுக்கு இருபத்தைந்து, மீதி ஐம்பதும் வாசிக்கப்படும், ஏமாற்றுவதற்கு. சீட்டில் கவிதையின் பின்பாதி மட்டும் இருக்கும், வாசிப்பவர் முன்பாதியைத் தொடங்கியதும் எந்தக் கவிதை என்று பிடித்துச் சீட்டைத் தட்டிப் பறிக்க வேண்டும். "சி" என்று தொடங்குகிற கவிதைகள் மூன்று இருக்கின்றன, அதனால் கதாநாயகி சிஹாயா தன் பெயரில் தொடங்கும் கவிதையைப் பிடிக்க "ஹா" வரும்வரை கையை அடக்கி வைத்திருக்க வேண்டும். மற்ற இரண்டும் வாசிக்கப்பட்டுவிட்டால் "சி" போதும், கை பாய்ந்துவிடலாம். ஆட்டம் போகப் போகக் காதும் மாறிக்கொண்டே இருக்கிறது, அதைத் தொடர் அழகாகக் காட்டுகிறது. வேகம், வியர்வை, தத்தாமி பாயில் கை மோதுகிற சத்தம் எல்லாம் சேர்ந்து உடல் விளையாட்டைப் பார்ப்பது போலவே இருக்கும். ஜப்பானிய மொழி தெரியாமல் சப்டைட்டிலை நம்பிப் பார்த்தவன் நான், கவிதையின் ருசி எனக்குப் பாதிதான் கிடைத்திருக்கும், அதையும் சேர்த்தே என் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால், சிறு வயதில் வகுப்புத் தோழன் அரத்தாவிடமிருந்து சிஹாயாவுக்கு ஆட்டம் அறிமுகமாகிறது, அப்புறம் கதை உயர்நிலைப் பள்ளிக்குத் தாவிவிடுகிறது, கொஞ்ச நேரத்திலேயே அவள் ஏ வகுப்பு, அதாவது உச்ச நிலை, வீராங்கனை. நடுவில் தனியாகப் பழகிய வருடங்களை நாம் பார்ப்பதில்லை. புதிதாகக் கற்கிறவர்களின் பாடு அவளுடைய அணியினர் மூலமாகத்தான் வருகிறது.

ஹிகாரு நோ கோவில் அந்த நடுப்பகுதிதான் கதையே. தாத்தாவின் பழைய பொருள் அறையில் கிடக்கும் கோ பலகையிலிருந்து ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஹெய்யான் காலத்துக் கோ ஆசான் சாய் ஆவியாக எழுந்து, ஆறாம் வகுப்புப் பையன் ஹிகாருவிடம் ஒட்டிக்கொள்கிறார். ஆவி சொன்ன இடத்தில் கல்லை வைத்தே ஹிகாரு தன் வயதுப் பையன்களில் யாரும் நெருங்க முடியாத தோயா அகிராவைத் தோற்கடித்துவிடுகிறான். இதை மட்டும் கேட்டால் குறுக்குவழிக் கதை போலத்தான் தெரியும். ஆனால் தொடக்கத்தில் அவன் கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தேர்ந்த வீரர்கள் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கல்லைப் பிடித்துப் பலகையில் டக்கென்று இறக்குவார்கள். இவன் சாக்லேட்டை எடுப்பது போலக் கட்டைவிரலால் கிள்ளி எடுத்து வைக்கிறான். உலகத்தரமான ஆட்டம், வைக்கிற கை மட்டும் நேற்றுத் தொடங்கிய பையனுடையது. அகிராவைக் குழப்புவதும் இதுதான்.

அதன்பிறகு வரும் பள்ளிப் போட்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஹிகாருவோடு மறுபடி ஆடுவதற்காகவே அகிரா தன் நிலையை விட்டு இறங்கிப் பள்ளி கோ குழுவில் சேர்ந்து, ஹிகாரு ஆடும் மூன்றாவது பலகையில் வந்து உட்காருகிறான். சாய் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தைப் பாதியில் ஹிகாரு தன் கையில் எடுத்துக்கொள்கிறான், தானே ஆட வேண்டும் என்ற ஆசையில். அகிரா எழுந்து நின்று கத்துகிறான். அந்த நொடியில் துரத்தல் திசை மாறுகிறது, இதுவரை துரத்திய அகிரா முகத்தைத் திருப்பிக்கொண்டு போக, இனி ஹிகாருதான் பின்னால் ஓட வேண்டும். அக்கா மகள் இந்த இடத்தில் "ஏன் மாமா அவன் சாயையே ஆட விடல?" என்று கோபப்பட்டாள், நான் பதில் சொல்லவில்லை, தொடர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பள்ளிக் குழு, அப்புறம் இன்செய் என்னும் பயிற்சி மாணவர் நிலை, அப்புறம் ப்ரோ தேர்வு. ஒவ்வொரு படிக்கும் விலை இருக்கிறது. இன்செய் ஆனால் பள்ளிப் போட்டியில் ஆட முடியாது, அதனால் குழுவை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிறான் ஹிகாரு. அவன் பேச்சை நம்பிச் சேர்ந்த மித்தானியின் கோபத்தைத் தொடர் சமாதானப்படுத்தி மூடிவிடுவதில்லை.

ப்ரோ தேர்வில் ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும், நடுக்கதை தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இசுமி, இன்செய்களில் மூத்தவன், எல்லோருக்கும் பிடித்தவன், அந்த வருடம் தேறிவிடுவான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஹிகாருவுக்கு எதிரான ஆட்டத்தில் கல்லை வைத்த கையோடு இடம் தவறிவிட்டதை உணர்ந்து நகர்த்திவிடுகிறான். விரல் கல்லை விட்டபின் நகர்த்தினால் தோல்வி. விட்டதா இல்லையா? எதிரில் ஹிகாரு பார்த்துவிட்டான், வாயைத் திறப்பதா வேண்டாமா என்று அவனுக்குள் ஒரு போராட்டம். அதற்குள் இசுமியே தோற்றதாகத் தலைகுனிகிறான். அந்த ஒரு விரல் அசைவு இருவரையும் அடுத்த ஆட்டங்களுக்குள்ளும் துரத்திப் போகிறது. கடைசியில் ப்ரோ ஆகிற மூன்று பேரில் இசுமி இல்லை. மற்ற தொடராக இருந்தால் அவன் அத்தோடு காணாமல் போயிருப்பான். இதில் அவன் சீனாவுக்குப் போய்த் தன் பதற்றத்தை அடக்கப் பழகுவதற்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். தோற்றவனும் கற்றுக்கொண்டே இருக்கிறான் என்பதை இவ்வளவு பொறுமையாக மற்ற இரண்டும் காட்டவில்லை.

இன்னொரு விஷயம், இணையத்தில் சாய் ஆடும் பகுதி. யாரென்றே தெரியாத ஒரு கணக்கு உலகத்து வீரர்களையெல்லாம் தோற்கடிக்கும். 2001-இல் அது கற்பனை. 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் மாஸ்டர் என்ற கணக்கு முன்னணி ப்ரோக்களை 60 ஆட்டங்களில் வென்றபோது கோ ரசிகர்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது சாய்தான். அது ஆல்ஃபாகோ என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் என்று பிறகு தெரிந்தது. இதைத் தெரிந்துகொண்டு இன்று பார்த்தால் அந்த எபிசோடுகளுக்கு வேறு கனம் வந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. பெண்கள் விஷயத்தில் ஹிகாரு நோ கோ கஞ்சத்தனம். அகாரி, நாசே இருவருக்கும் நல்ல தொடக்கம் கொடுத்துவிட்டு ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள், சிஹாயாஃபுருவில் சிஹாயா, ஷினோபு, கானா என்று ஒவ்வொருத்திக்கும் தனி உலகம் இருக்கிறது. ஆட்டத்தை உள்ளே போய்ப் புரிந்துகொள்வதிலும் சிஹாயாஃபுருதான் மேல். கோ ஆட்டத்தில் ஒரு நகர்வு ஏன் பிரமாதம் என்று பார்ப்பவர்களின் முகத்தை வைத்துத்தான் நமக்குத் தெரிகிறது. நானே சின்ன ஒன்பது வரிப் பலகையைத் தாண்டி ஒழுங்காக ஆடியதில்லை, நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். எபிசோடு முடிவில் உமெசாவா யுகாரி என்ற நிஜ ப்ரோ குட்டிப் பாடம் எடுப்பார், அதைத் தாண்டாமல் பாருங்கள்.

சரி, என் வரிசை இது. பிள்ளைகளோடு என்றால், அல்லது நீங்களே ஏதாவது ஒன்றைப் புதிதாகக் கற்கத் தொடங்கியிருந்தால், ஹிகாரு நோ கோ. கூட்டமாக உட்கார்ந்து கத்திக்கொண்டு பார்க்க சிஹாயாஃபுரு. மார்ச் லயன் தனியாக, பெரியவர்களுக்கு, அவசரமில்லாத நாட்களில். ஆனால் கதை முடிவு வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், சிஹாயாஃபுரு அனிமே சிஹாயா ஆடும் பட்டப்போட்டிக்கு முன்பே நின்றுவிடுகிறது, மூலமான மங்கா (சித்திரக்கதை) 2022-இல் 50 தொகுதிகளோடு முடிந்துவிட்டது, மீதியை அதில்தான் படிக்க வேண்டும். ஹிகாரு நோ கோவுக்கு 75 எபிசோடுக்குப் பிறகு 2004 ஜனவரியில் வந்த ஒரு சிறப்பு எபிசோடு இருக்கிறது, அதைத் தாண்டி ஹொகுட்டோ கோப்பை என்ற சர்வதேசப் போட்டிப் பகுதி முழுதாக வேண்டுமென்றால் 23 தொகுதி மங்காவின் கடைசித் தொகுதிகளை எடுங்கள்.